சாத்திய கதவு

எழுதுகிறவனுக்குத் தனியறையும் தொந்தரவற்ற பொழுதும் உரிமை என்று வெகுநாள் நம்பியவன் நான். 1816இல் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. முதல் குழந்தை முந்தைய வருஷம் இறந்துவிட்டது. இரண்டாவது, கைக்குழந்தை. 1817இல் நாவலை முடித்தபோது மூன்றாவது வயிற்றில். துன்பம் எழுத்துக்கு உரம் என்று சொல்ல வரவில்லை. அந்த நாவலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுக்குக் கடிதம்கூடப் போடாமல் உழைக்கிறவன் விக்டர். படைத்தது மட்டுமல்ல, படைத்ததை விட்டு ஓடியதுதான் அவன் குற்றம். கலைஞனின் தவம் என்று நாம் கொண்டாடுவது அவனுடைய அறையைத்தான். குழந்தை கூப்பிட்டு எழுந்துபோனால் எழுத்து கெடும் என்று இனி என்னால் சொல்ல முடியாது. கூப்பிட்டும் எழாதவன் யாரைப் பற்றி எழுதப்போகிறான்?