கணக்கும் கருணையும்



செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு இன்று எங்கும் அடிபடுகிறது. போர்ட் கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருப்பவனுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே என் படிப்பு. ஆயினும் கணக்கைப் பார்த்து மனிதனை எடை போடுவது என் அன்றாடத் தொழில். ஆகவே இரண்டு வார்த்தை சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

நம் நாட்டுக் கடைகளில் கடன் எழுதும் சிறு நோட்டுக்கு 555 புத்தகம் என்று பெயர். யார் வாங்கினார், எப்போது கொடுத்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடன் கேட்டு வருபவருக்கு அதைப் புரட்டித்தான் பதில் சொல்வோம். இயந்திரம் செய்வதும் ஏறக்குறைய இதுவே. லட்சக்கணக்கானோரின் பழைய கணக்குகளை ஒப்பிட்டு, "இவரைப் போன்றவர்கள் இப்படி நடந்தார்கள், இவரும் அப்படி நடக்கக்கூடும்" என்று அது ஊகிக்கிறது.

இந்த வித்தை நமக்கு அந்நியமானதல்ல. இயந்திரம் பின்பற்றும் கணக்கு முறைக்கு 'அல்காரிதம்' என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. வாரிசுப் பங்கீட்டுக்கும் வியாபாரத்துக்கும் உதவட்டும் என்றே அப்பெரியார் தம் அல்ஜீப்ரா நூலை எழுதினார். அறிவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதை எங்கே நிறுத்துவது என்பதே கேள்வி.

2020 பிப்ரவரியில் சபா மாநிலத்தின் கோத்தா கினபாலு நீதிமன்றத்தில், போதைப்பொருள் வைத்திருந்த வழக்கில் எவ்வளவு தண்டனை தரலாம் என்று ஓர் இயந்திரம் ஆலோசனை கூறியது. 2014 முதல் 2019 வரையிலான தீர்ப்புகளே அதற்குப் பாடம். இனம் பார்க்கக் கூடாதென்று அந்த விவரத்தை நீக்கியிருந்தார்கள். நல்ல காரியம். அதன் சொல்லை ஏற்பதும் தள்ளுவதும் மாஜிஸ்திரேட்டின் கையிலேயே இருந்தது. அப்படியிருந்தும் வழக்கறிஞர் ஆட்சேபித்தார். ஏன்? என் தவறு ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மனைவி வந்து, "பாய், ரெண்டு கிலோ அரிசி மட்டும் கொடுங்க" என்றார். புத்தகத்தைப் பார்த்தேன். மூன்று மாத பாக்கி. இல்லையென்று அனுப்பிவிட்டேன். கணவர் வேலையில் காலொடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குணமானதும் அவர் கைத்தடி ஊன்றி வந்து, பாக்கி முழுவதையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். அதன்பின் என் கடைக்கு அவர் வரவேயில்லை.

என் புத்தகம் பொய் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று சொன்னது. ஏன் நடந்தது என்று சொல்லவில்லை. "என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்காதது புத்தகத்தின் குற்றமா, என் குற்றமா?

இயந்திரத்துக்கும் இதே நிலைதான். நேற்றைய தீர்ப்பில் அநீதி இருந்தால் இன்று அதையும் பாடமாகவே படிக்கும். திருந்திய மனிதனின் தவ்பா எந்தக் கட்டத்திலும் ஏறாது. அதைவிட முக்கியம், நாளை 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்ற விசாரணை இயந்திரத்துக்கு இல்லை. அதை நம்பித் தீர்ப்பளித்தவனுக்கே உண்டு.

ஆகவே சகோதரர்களே, இயந்திரம் ஆலோசனை சொல்லட்டும். பொறுப்பு மனிதனிடமே இருக்கட்டும். நாளை உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ கடனோ வேலையோ இல்லையென்று அது சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தக் கணக்கைப் பார்த்தீர்கள்? இதற்குப் பொறுப்பாளி யார்? என் பக்கத்து நியாயத்தை யாரிடம் சொல்வது?

இப்போதும் என்னிடம் 555 புத்தகம் உண்டு. ஆனால் அதைத் திறக்குமுன் எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறேன்.

வஸ்ஸலாம்.