கருவறையும் ஊழும்

கர்ப்பகால நீரிழிவு உள்ள தாயின் ரத்தத்திலிருந்து சர்க்கரை நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. கொழுப்பு சேர்ந்து எடை கூடுகிறது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் தந்த இந்த விளக்கத்தைப் பிரசவ அறையிலேயே கண்ணால் காணலாம். தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். குழந்தையின் இன்சுலின் உடனே அடங்காது. சர்க்கரை அளவு திடீரென விழுந்துவிடக்கூடும் என்பதால்தான், நாலு கிலோ எடையில் கொழுகொழுவென்று கிடக்கும் பிள்ளையின் குதிகாலில் ஊசி குத்திப் பார்க்கிறார்கள்.

பாதிப்பு அதோடு முடிவதில்லை. இப்பிள்ளைகளுக்கு வளர்ந்தபின் உடல் பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் வரும் வாய்ப்பு அதிகம். பரம்பரைதான் காரணம் என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடையே நடந்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. தாய்க்கு நீரிழிவு கண்டறியப்படுமுன் பிறந்த பிள்ளைகளை, அதன்பின் பிறந்த உடன்பிறப்புகளோடு அதில் ஒப்பிட்டார்கள். பின்னால் பிறந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். தந்தையின் நீரிழிவை வைத்துப் பார்த்தபோது இந்த வேறுபாடு தென்படவில்லை.

தான் செய்யாத ஒன்றின் பயனைப் பிள்ளை ஏன் சுமக்க வேண்டும்? சைவ சித்தாந்தத்தின்படி உயிர் தன் பழவினைக்கேற்ப உடலெடுத்து, அவ்வினையின் பயனை நுகர்கிறது. சமணத்திலும் வினைப்பயன் அவரவர்க்கே உரியது. ஆகவே தாய் செய்த பாவம் பிள்ளை தலையில் விடிந்தது என்ற பேச்சுக்கு இம்மரபுகளிலேயே இடமில்லை. மசக்கையில் இனிப்பைத் தின்று வரவழைத்துக்கொண்டாள் என்று வீட்டார் சொல்வதும் அநியாயம். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. ஈடுகொடுக்க முடியாத கணையம் உள்ளவருக்கு நோய் வருகிறது.

பழி யாருக்கும் இல்லை, பொறுப்பு உண்டு. திருக்குறளில் ஊழ் 38ஆம் அதிகாரம். விடாமுயற்சியைச் சொல்லும் ஆள்வினையுடைமைக்கும் 62ஆம் அதிகாரம் இருக்கிறது. உணவுக் கட்டுப்பாடும் நடையும் தேவைப்பட்டால் இன்சுலினும் குழந்தையின் மிகை எடையையும் பிரசவச் சிக்கல்களையும் குறைக்கின்றன. ஆனால் சிகிச்சையால் பிள்ளைகளின் பிற்காலப் பருமன் குறைந்ததாக ஆய்வுகள் இன்னும் உறுதியாகக் காட்டவில்லை. எனவே பிரசவத்தோடு முயற்சி ஓய முடியாது. பிள்ளையின் தட்டிலும் விளையாட்டிலும் அது தொடர வேண்டும். தகப்பனுக்கும் பாட்டிக்கும் அதில் பங்குண்டு.

முதல் படி எளியது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா முன்னின்று பரப்பிய சோதனைக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்தால் போதும். அப்போது ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு.