அமானிதமும் அஜாக்கிரதையும்

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் செங்கல்பட்டு இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். வளைகுடாவில் உழைக்கும் அண்ணனின் பணத்தில், அவருடைய சம்மதத்துடன் கிரிப்டோ நாணயம் வாங்கித் தம் கைப்பேசியிலுள்ள வாலட்டில் வைத்திருந்தாராம். ‘கணக்கு முடங்கப் போகிறது, உடனே சரிபார்க்கவும்’ என்றொரு செய்தி வந்தது. லிங்க்கைத் தொட்டதும் அசலைப் போன்ற ஒரு பக்கம் திறந்தது. அது கேட்ட 12 இரகசியச் சொற்களையும் வரிசை பிசகாமல் எழுதிக் கொடுத்தார். சில நிமிடங்களில் எல்லாம் போய்விட்டது.

“திருடியவன் எவனோ, ஹஜ்ரத். அண்ணனுக்கு நான் கடனாளியா?” என்று கேட்டார்.

கிரிப்டோ வாங்குவது ஆகுமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எகிப்தின் தாருல் இஃப்தா 2018-இல் பிட்காயினைக் கூடாதென்றது. அது வேறு பாடம். ஒரு பொருளில் நமக்கு ஐயம் இருப்பதனால் அதைத் திருடுவது ஆகுமாகிவிடாது. 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் சந்தையிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடு போயின. திருடு போகாத வேறு வகை நாணயம் வைத்திருந்த ஒரு பெண்மணி, தம் பொருளைக் காக்கும்படி சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார். கிரிப்டோவும் சொத்தே, அதை ஒருவர் பொறுப்பில் ஒப்படைக்கவும் இயலும் என 2025 அக்டோபரில் தீர்ப்பாயிற்று. நம் வழக்கில் சொன்னால், அது அமானிதமாக இருக்கத் தக்கது.

ஃபிக்ஹு நூல்கள் ‘ஹிர்ஸ்’ பற்றிப் பேசுகின்றன. ஒரு பொருளை வழக்கமாகப் பத்திரப்படுத்தும் இடமே ஹிர்ஸ். ஆட்டுக்குப் பட்டி, தங்கத்துக்குப் பூட்டிய பெட்டி. ஹிர்ஸில் இல்லாததை எடுத்தவனுக்குக் கைவெட்டும் தண்டனை இல்லை. ஆயினும் அவன் பாவியே. எடுத்ததைத் திருப்பித் தர வேண்டியவனே. திருடனின் குற்றம் ஒரு கணக்கு, பொருளை வைத்திருந்தவரின் அஜாக்கிரதை வேறொரு கணக்கு. ஒன்றைக் கொண்டு மற்றதைக் கழிக்க இயலாது.

கிரிப்டோவுக்கு ஹிர்ஸ் அந்த 12 அல்லது 24 சொற்களே. அவற்றை அறிந்தவன் கையில் பொருள் போய்விடுகிறது. போனதைத் திருப்பி அழைக்க வங்கி மேலாளர் எவரும் இல்லை. ஆகவே அச்சொற்களைக் கேட்டு வருகிறவன் யாராயினும் திருடன் என்றே கொள்க. தாளில் எழுதி வீட்டில் பூட்டி வையுங்கள். கைப்பேசியில் படமெடுத்து வைப்பது தங்கத்தைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம். யாரோ அனுப்பும் செயலிக் கோப்பையும் திறக்காதீர்கள். நாம் நகலெடுத்த முகவரியை அழித்து அங்கே திருடனின் முகவரியை ஒட்டிவிடும் நிரல்களும் உண்டு. அனுப்புமுன் முகவரி முழுவதையும் ஒப்பிட வேண்டும். படகைக் கரையேற்றாமல் தவக்குல் பேசிவிட்டு வீட்டுக்குப் போகும் மீனவரைக் கோவளத்தில் நாம் கண்டதில்லை.

ஏமாற்றுவோர் எல்லோரும் ஒளிந்திருந்து வருவதுமில்லை. 2022-இல் கோவையில் தொடங்கிய ஒரு கிரிப்டோ நிறுவனம், பின்னர் மாமல்லபுரத்து நட்சத்திர விடுதியில் நடிகையை அழைத்து விழா நடத்தி, முதலீடு செய்தோருக்குக் கார்களைப் பரிசளித்ததாகச் செய்தி வெளியாயிற்று. பணம் இழந்தோரின் புகாரில் 2025-இல் புதுச்சேரிக் காவல்துறை இருவரைக் கைது செய்தது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாச் சந்தையில் தானியக் குவியலின் மேற்புறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை; உள்ளே கையை விட்டு ஈரத்தைக் கண்டார்கள். இழந்தவரைப் ‘பேராசைக்காரர்’ என்று ஊரார் ஏசுவதும் நமக்கு உடன்பாடில்லை. அந்த ஏச்சுக்கு அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை.

இளைஞர் விஷயத்துக்கு வருவோம். குறை செய்யாத வரையில், தொலைந்த அமானிதத்துக்கு ஈடு தர வேண்டியதில்லை. குறை செய்திருந்தால் தர வேண்டும். சொற்களை எவருக்கும் தரலாகாது என வாலட் ஆரம்பத்திலேயே எச்சரித்ததா என்று கேட்டோம். எச்சரித்ததாம், இவர் படிக்காமலே தாண்டிப் போனாராம். அப்படியானால் கடன்தான், தம்பி, என்றோம்.

1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தாரா என்றும் கேட்டோம். வெட்கத்தினால் நான்கு நாள் கழித்தே அழைத்தாராம்.

“அண்ணனிடம் நீங்களே பேசி மன்னிக்கச் சொல்லுங்கள், ஹஜ்ரத்.”

மன்னிப்பது அண்ணனின் உரிமை, முதலில் சொல்ல வேண்டியவர் நீங்கள், அதன்பின் நாம் பேசுகிறோம் என்றோம். ரமலானுக்கு அண்ணன் ஊருக்கு வருகிறார். இன்னும் அவருக்குத் தெரியாது.