கணக்கும் தவக்குலும்

கணக்குப் பார்ப்பவன் கருமி என்னும் எண்ணம் நம் மக்களிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. பையில் எவ்வளவு இருக்கிறது என்று பாராமல் எடுத்துக் கொடுப்பவன் தாராள மனத்தினன். இரவில் உட்கார்ந்து அன்றைய செலவை எழுதுபவன் துன்யாவின் மீது ஆசை கொண்டவன். ஜும்ஆ மேடையில் சிக்கனத்தைப் பற்றி நாம் பேசிவிட்டு இறங்கினால், "ரிஜ்கு அல்லாஹ்வின் கையில் அல்லவா ஹஜ்ரத்?" என்று ஒருவராவது கேட்டுவிடுகிறார். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை காண முயல்வோம்.

நாம் வாழும் எட்டயபுரம், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் அடங்கியிருக்கும் ஊர். அவரை ஆதரித்த கீழக்கரை வள்ளல் சீதக்காதியை இவ்வூரார் மறப்பதில்லை. இறந்த பின்னும் கொடுத்தவர் என்று பழமொழியில் வாழ்பவர் அவர். ஆனால் அவர் ஒரு கடல் வணிகர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏற்றிய சரக்கு எவ்வளவு, ஆள்கூலி எவ்வளவு, அக்கரையிலிருந்து வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று குறித்து வைக்காத வணிகர் ஒரு பருவம்கூடத் தாக்குப் பிடிக்க மாட்டார். அள்ளிக் கொடுத்த கை, கணக்கு எழுதத் தெரிந்த கையாகவும் இருந்திருக்க வேண்டும். நாமோ கொடையை மட்டும் பாடிவிட்டு, கணக்கேட்டை மறந்துவிட்டோம்.

அதன் விளைவை இந்தக் கரிசல் பூமியில் வாரந்தோறும் பார்க்கிறோம். எட்டயபுரம், கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் வானம் பார்த்த விவசாயத்தை விட்டால் பலருக்குத் தீப்பெட்டித் தொழில்தான் பிழைப்பு. வாரக் கூலி சனிக்கிழமை கைக்கு வருகிறது. மளிகைக் கடைப் பற்று, டீக்கடைப் பாக்கி, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் என்று ஞாயிறு மாலைக்குள் பாதி கரைந்துவிடுகிறது. புதன்கிழமை கைமாற்று. பெருநாள் வந்தால் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. தோடு மூழ்கிப்போன வீட்டில் அடுத்த தேவை வரும்போது வாசலில் வந்து நிற்பவன் கந்துவட்டிக்காரன். நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டியில் 7,000 ரூபாய் வாங்கியவன், ஓராண்டில் வட்டியாக மட்டும் 8,400 ரூபாய் கட்டுகிறான். அசல் அப்படியே நிற்கிறது.

அநியாய வட்டியைத் தடுக்க 2003இல் தமிழக அரசு சட்டமே இயற்றியது. ஆயினும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்கிரையானதை நாடே பார்த்தது. கணவன், மனைவி, இரண்டு பச்சிளங் குழந்தைகள். ஒருவரும் பிழைக்கவில்லை.

இதைச் சொல்வதால், ஏழ்மைக்குக் காரணம் ஏழையின் கைதான் என்று நாம் கூறுவதாக எவரும் கருதிவிடக் கூடாது. கூலியே போதாத வீட்டில், நோயும் சேர்ந்துகொண்ட வீட்டில் போய்ச் சிக்கனம் போதிப்பது கல்நெஞ்சம். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர்களையும் அல்லாஹ் திருமறையின் 9ஆம் அத்தியாயம் 60ஆம் வசனத்தில் சேர்த்திருக்கிறான். அவர்களைக் கைதூக்கிவிடுவது ஜமாஅத்தின் கடமை. நாம் இங்கே பேசுவது, போதும் போதாமலும் வருமானம் உள்ள நம்மைப் போன்றவர்களைப் பற்றி.

அல்லாஹ்வுக்கு மிக உவப்பான அமல், குறைவாயினும் நிரந்தரமாகச் செய்யப்படுவதே என்னும் கருத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நாம் அறிந்திருக்கிறோம். இந்த ஹதீதைத் தஹஜ்ஜுத் தொழுகைக்கும் திருமறை ஓதுதலுக்கும் பொருத்திச் சொல்கிறோம். சட்டைப்பைக்கு ஏன் பொருத்துவதில்லை? ஹலாலான முறையில் சம்பாதித்து, வீணாக்காமல் செலவிடுவதும் அமல்தானே? ரமலான் பிறையைக் கண்டதும் "இனி ஒரு காசு வீணாக்க மாட்டேன்" என்று சபதம் எடுப்பவர், பெருநாள் கடைத்தெருவில் அதைத் தொலைத்துவிடுகிறார். நாளொன்றுக்கு 20 ரூபாயை எடுத்து வைப்பவரோ ஹிஜ்ரி ஆண்டின் 354 நாட்களில் 7,080 ரூபாய் சேர்த்துவிடுகிறார். மேலே சொன்ன கந்துவட்டிக் கடனின் அசல் ஏறக்குறைய அவ்வளவுதான்!

நம் பெண்கள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு, பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் அனுப்பும் பிடியரிசி வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அந்த ஒரு பிடியால் எந்த வீட்டிலும் சோறு குறைந்ததில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பிடி, சமைத்து மிஞ்சியதிலிருந்து எடுக்கப்பட்டதன்று. சமைக்கும் முன் எடுக்கப்பட்டது. கூலி கைக்கு வந்ததும் கடைத்தெருவில் கால் வைப்பதற்கு முன்னால் ஒதுக்கியதே நிற்கும். வாரக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றவருக்கு எந்த வாரமும் மிஞ்சாது. இஷாவுக்குப் பின் ஐந்து நிமிடம் அன்றைய செலவை எழுதுவதும் அப்படியொரு சிறு காரியமே. முதல் மாதம் எதையும் குறைக்க வேண்டியதில்லை, எழுதினால் போதும். எதைக் குறைப்பது என்று நோட்டுப் புத்தகமே காட்டிக் கொடுத்துவிடும். பற்றுக் கணக்கை ஒரே நாளில் முடிக்க முடியாதவர், ஒரு பொருளையாவது இனி ரொக்கத்துக்கே வாங்குவது என்று தொடங்கலாம்.

இனி, ஹஜ்ரத்திடம் கேட்கப்பட்ட கேள்விக்கு வருவோம். நாளைக்கென்று எடுத்து வைப்பது தவக்குலுக்கு மாறானதா?

நாயகம் (ஸல்) அவர்கள் தமக்கென மறுநாளைக்கு எதையும் எடுத்து வைத்ததில்லை என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி திர்மிதீயில் உள்ளது. அதே நாயகம் (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சம்பழத்தை விற்று, தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்று புகாரியில் வருகிறது. இரண்டும் முரண் அன்று. தமக்கு என்று வரும்போது ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. தம்மை நம்பியிருப்போர் என்று வரும்போது ஆண்டு முழுமைக்கும் ஏற்பாடு செய்தார்கள். இமாம்கள் தந்த விளக்கமும் இதுவே. நம்மில் பலர் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். நம் நாவுக்கும் நம் நண்பர் கூட்டத்துக்கும் தாராளமாகச் செலவிட்டுவிட்டு, மனைவி மக்களின் நாளைய சோற்றுக்குத் தவக்குல் வைக்கிறோம்! பசியோடு கூட்டை விட்டுப் பறந்து வயிறு நிறைந்து திரும்பும் பறவையின் உவமை தவக்குலுக்குச் சொல்லப்பட்டதுதான். ஆனால் அந்தப் பறவை கூட்டிலேயே உட்கார்ந்திருக்கவில்லை.

செல்வத்தைச் சேர்த்து வைப்போருக்குத் திருமறை விடுக்கும் கடும் எச்சரிக்கையைச் சிலர் எடுத்துக் காட்டுவர். ஜகாத் நிறைவேற்றப்பட்ட பொருள் அந்த எச்சரிக்கையில் அடங்காது என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அங்கும் நாம் கணக்கிடமே வந்து நிற்கிறோம். சுமார் 11 பவுன் தங்கத்தின் அளவை எட்டி, ஓராண்டு நிறைந்ததா இல்லையா என்பதை எழுதாதவர் எப்படி அறிவார்? பெண்கள் அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு, ஷாஃபி மத்ஹபில் இல்லை என்று மணிக்கணக்கில் தர்க்கம் செய்கிறோம். தம் வீட்டில் எத்தனை பவுன் இருக்கிறது என்று அந்தத் தர்க்கத்தில் கலந்துகொண்டவரைக் கேளுங்கள். பாதிப் பேருக்குத் தெரியாது.

சிறுகச் சேர்ப்பதை இபாதத்தாகவே ஆக்கிக் காட்டிய முன்மாதிரி ஒன்று நம் மக்கள் பலர் பிழைக்கச் சென்ற மலேசியாவில் இருக்கிறது. அங்கே கிராமத்து முஸ்லிம்கள் ஹஜ்ஜுக்காக வீட்டிலேயே பணத்தை ஒளித்து வைத்துச் சேர்த்தார்கள். போதாதபோது நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தால் உழ நிலமில்லை. வட்டி கலந்துவிடும் என்ற அச்சத்தால் வங்கியை நாடவில்லை. இதைக் கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் 1959இல் ஒரு திட்டத்தை எழுதி முன்வைத்தார். 1963இல் ஹஜ் சேமிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. தாபுங் ஹாஜி என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். வட்டியில்லாத முறையில், முடிந்ததைச் சிறிது சிறிதாகப் போட்டுவந்த தொழிலாளிகளும் உழவர்களும் நிலத்தை விற்காமலே புனிதப் பயணம் போக அது வழி திறந்தது. நம் முஹல்லாக்களில் வட்டியில்லாக் கடன் நிதி தொடங்க விரும்புவோர் இதை ஆராய வேண்டும்.

திருமறையிலேயே மிக நீளமான வசனம் எது தெரியுமா? 2ஆம் அத்தியாயத்தின் 282ஆம் வசனம். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அன்று, கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதென்றாலும் எழுதச் சலிப்படையலாகாது என்று அதிலேயே கட்டளை வருகிறது. நண்பனுக்கு ஐந்நூறு ரூபாய் கைமாற்றுக் கொடுத்துவிட்டு எழுதிக்கொள்ளக் கூச்சப்படுகிறோமே, அந்தக் கூச்சத்தை இந்த வசனம் ஏற்கவில்லை.

மூன்று தீனார் கடனோடு இறந்தவருக்குத் தாமே ஜனாஸா தொழுவிக்க நாயகம் (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரலி) அவர்கள் அதற்குப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்தார்கள். அந்தச் சுன்னத்தின் நினைவாகவே நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மகன் ஸஃப்பின் முன் நின்று, "வாப்பா யாருக்காவது கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் வாருங்கள்" என்கிறார். எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. வாப்பா எழுதி வைக்கவில்லை. கபுரடியிலிருந்து திரும்பும் வழியிலேயே ஒருவர் வந்து தயங்கி நிற்பார். சொல்வது உண்மையா என்று அறிய வழியில்லை. மறுத்தால் வாப்பாவின் கழுத்தில் கடன்.

வஸிய்யத் செய்ய வேண்டியது எதுவும் உடைய ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவைக் கழிப்பது தகாது என்பது ஹதீது. அதை அறிவித்த இப்னு உமர் (ரலி) அவர்கள், அந்தச் சொல்லைக் கேட்ட நாள் முதல் எழுதிய வஸிய்யத் தம்மிடம் இல்லாமல் ஓர் இரவும் கழிந்ததில்லை என்று கூறினார்கள்.