மானும் நாயும்: ஓர் அறவினா

சென்னை அடையாற்றிலிருந்து கிண்டிக்குச் சர்தார் பட்டேல் சாலை வழியே பேருந்தில் செல்வோர், நெடுஞ்சுவருக்கு அப்பால் அடர்ந்து நிற்கும் மரங்களைக் கண்டிருப்பர். அதுவே இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம். தம் பிள்ளை அங்குச் சேரவேண்டும் என விரும்பாத பெற்றோர் நம்முள் யார்? 1959-ஆம் ஆண்டு அன்றைய மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் தொடங்கப்பெற்ற அக்கல்விக்கூடத்திற்குக் கிண்டிக் காட்டில் ஏறத்தாழ 250 எக்டேர் நிலம் பிரித்தளிக்கப்பட்டது. எஞ்சிய காட்டின் பெரும்பகுதி 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. ஆகவே அவ்வளாகத்தின் மூத்த குடிகள் மாணாக்கரல்லர். புள்ளிமானும், வெளிமானும், குரங்கும், கீரியும், ஆலமரமுமே அங்கு முன்னமே குடியிருந்தவை.

வந்தேறிய மனிதர் அங்கு ஓரளவு அடக்கமாகவே வாழ முயன்றுள்ளனர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாணாக்கர் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் சென்று வருகின்றனர். ஆறுகளின் பெயர் தாங்கிய விடுதிகளில் வெளியேறும் கழிவுநீர் தூய்மை செய்யப்பெற்று மீண்டும் பயன்படுகிறது. மழைநீர் ஏரியில் தேங்குகிறது. கூரைகளின்மீது சூரிய ஒளியால் மின்சாரம் பெறுகின்றனர். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை நகரமே குடத்துடன் தெருவில் நின்றதை நினைப்போர்க்கு இவற்றின் அருமை விளங்கும். ஆயினும் நாம் எழுத முற்பட்டது இப்பாராட்டுரையை அன்று. அவ்வளாகத்தில் எழுந்த ஒரு வழக்கு நம் மனத்தை நெடுநாளாக உறுத்தி வருகிறது.

அங்கு மான்கள் இறந்தன. சிலவற்றின் வயிற்றில் பிளாஸ்டிக் உறைகள் இருந்தன. சிலவற்றை நாய்கள் கடித்துக் குதறியிருந்தன. 2020, 2021 ஆண்டுகளில் வளாகத்து நாய்களைப் பிடித்து அடைப்பிடத்தில் வைத்தனர். அடைக்கப்பட்ட நாய்களுள் சில மடிந்தன. உயிர்களிடத்து அன்புடையோர் வெகுண்டெழுந்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. மானுக்காகப் பேசியவர் சொல்லும் அகிம்சை. நாய்க்காகப் பேசியவர் சொல்லும் அகிம்சை. அகிம்சையைப் பரமதருமமாகக் கொண்ட நாம் இதில் எப்பக்கம் நிற்பது?

ஐயறிவுடைய உயிரைக் காக்க ஓரறிவுயிரை உண்கிறோம். ஆயினும் அதிலும் அளவு வேண்டும் என்பது நம் ஆகமநெறி. புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு தீங்கின் பளுவை அளந்து பழகியவர் நாம். இங்கோ அவ்வளவுகோல் உதவவில்லை. மானும் ஐம்புலனும் மனமும் உடையது; நாயும் அவ்வாறே. அரசின் சட்டம் வேறோர் அளவைக் கொள்கிறது. வெளிமான் அருகி வந்த இனமாதலின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. அரிய இனத்தைக் காத்தல் நன்றே. எனினும், சாகும் நாயின் துன்பம், நாய்கள் பல உள்ளன என்பதனால் குறைந்துவிடுமோ? ஒவ்வோர் உயிரும் தனித்தனி ஆன்மா என்று கற்றவர்க்கு எண்ணிக்கை ஒரு சமாதானமாகாது.

இல்லறத்தார்க்குரிய கொல்லாமை அணுவிரதத்தின் குற்றங்களாக ஐந்தனை நம் நூல்கள் கூறும்: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். கட்டுதலே முதற்குற்றம். எனவே நாயை அடைத்தது குற்றமற்றது என்று சொல்ல நம் நா எழவில்லை. அதே வேளையில், கருவுற்ற பிணை குதறப்படுவதைப் பார்த்துக்கொண்டு, ‘அது நாயின் இயல்பு’ என்று கைகட்டி நிற்பதும் கருணையாகாது.

நாய்கள் அங்கு எவ்வாறு பெருகின என்று கேட்டால் வழி சற்றுத் தெளிகிறது. காட்டில் நாய்க்கு உணவில்லை; மனிதன் எறிந்த எச்சிலில்தான் உண்டு. விடுதிச் சோறும் சிற்றுண்டிச்சாலை மிச்சமும் நாயை வளர்க்கின்றன. அதே மிச்சத்தைப் பொதிந்த உறையை உப்புச்சுவைக்காக மான் விழுங்குகிறது. நாயின் பல்லும் பிளாஸ்டிக் உறையும் ஒரே குப்பைத்தொட்டியிலிருந்து புறப்பட்டவை. எறிந்த மாணாக்கன் எவ்வுயிரையும் கொல்ல நினைத்தவனல்லன். ஆயினும் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சையை வரையறுக்குமிடத்துக் கொலை எண்ணத்தை முதற்காரணமாக வைக்கவில்லை. பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையையே முன்வைத்தார். ‘அறியாமற் செய்தேன்’ என்பது அவர்முன் செல்லாத விடை. பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தழையைக் கிள்ளுதல் ஆகியவற்றையும் விலக்கும் அநர்த்ததண்ட விரதம் இவ்விழிப்பைப் பழக்குவதற்கே ஏற்பட்டது.

ஆகையால் நம் முடிபு இது. மான் வாழும் இடத்தில் நாயைப் பிரித்துவைத்தல் தவிர்க்கவியலாததாயின், அது குற்றமென உணர்ந்தே செய்யப்படல் வேண்டும். உணவு, நீர், மருந்து, உலவ இடம் ஆகியவற்றில் ஒன்று குறைந்தாலும் ஐந்தாம் குற்றமும் உடன் சேரும். 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம், கல்விநிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள் முதலியவற்றிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பிடங்களில் வைக்கவும், பிடித்த இடத்தில் மீண்டும் விடாதிருக்கவும் ஆணையிட்டது. இனி அடைப்பிடங்கள் பெருகும். அவற்றின் உள்ளே சென்று பார்ப்பவர் யார் என்பதே நம் கவலை. குப்பை மட்டும் அப்படியே கிடந்தால், அகன்ற நாயின் இடத்திற்கு வேறு நாய் வரும்.

‘அவ்வாறாயின் காட்டை அழித்துக் கல்விக்கூடம் கட்டியதே ஹிம்சையன்றோ, அதனை மூடிவிடலாமா?’ என்று நம் பேத்தி கேட்டாள். ஹிம்சைதான். வீடு கட்டுவதிலும் உழுவதிலும் உள்ள ஆரம்பஹிம்சை அது. இல்லறத்தான் அதனை முற்றும் துறக்கவியலாது; சுருக்கலாம். மரம் நட்டு ஈடுசெய்துவிட்டோம் என்று மகிழவும் இடமில்லை. வெளிமான் திறந்த புல்வெளியில் வாழ்வது. கண்ட இடமெல்லாம் மரம் நட்டால் அதன் இருப்பிடம் சுருங்கும். அவளுக்கு இவ்விடை முழு நிறைவளிக்கவில்லை, நமக்கும் அவ்வாறே.

பிறர் வளாகத்தைப் பேசிய நாம் நம் ஊரையும் பேசவேண்டும். தண்ணீரைத் துணியில் வடிகட்டி, அத்துணியை அலசிய நீரை எடுத்த கிணற்றிலேயே விட்டு, நுண்ணுயிரை அதன் இடத்தில் சேர்ப்பித்த பாட்டிமார் வழியில் வந்தவர் நாம். ஒருமுறை எங்கள் ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள், கோயில் வீதியில் பிளாஸ்டிக் குவளைகள் காற்றில் உருண்டன. அன்னதானச் சோறு ஒட்டியிருந்த உறையைப் பசுவொன்று மென்றுகொண்டிருந்தது. வாயிலிருந்து பிடுங்கப் போனோம், அது விழுங்கிவிட்டது. பின்னர் 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்தது. தடைக்குப் பின்னும் குவளைகள் முற்றாக மறையவில்லை.

இவ்வாண்டு விழாவுக்கு இலைத்தொன்னை வாங்கலாம் எனப் பொறுப்பாளர்களிடம் கூறினோம். பெரியவர் ஒருவர், ‘இலை பறிப்பதும் ஓரறிவுயிர்க்கு ஊறன்றோ?’ என்று மறித்தார். நியாயமான வினா. பாக்குமரத்தின் மட்டை தானே உதிர்வது. அதில் தட்டும் குவளையும் செய்கின்றனர் என்றோம். விலை கூடுதல் என்றனர். கணக்குப் பார்த்துச் சொல்வதாகக் கூறியுள்ளனர். ஐந்நூறு தட்டுகளுக்கான தொகையை எங்கள் இல்லத்தார் தருவதாக எழுதிக் கொடுத்துள்ளோம்.