யாருடைய பொழுது?

காரைக்காலில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதான். மண் நிரப்பிய வாளியில் நட்டு வைப்பார்கள். அதன் கிளைகள் மெலிந்தவை. கடையில் வாங்கிய உருண்டையைத் தொங்கவிட்டால் வளைந்து தொங்கிவிடும். அதனால் தோழி வீட்டு மரத்துக்கு நாங்கள் செய்பவை எல்லாம் கட்டைவிரல் அளவுதான். தீப்பெட்டிக்குள் அடங்கும் ஒரு குடில், ரவிக்கைத் துணியின் வெட்டுத் துண்டில் பஞ்சடைத்த நட்சத்திரம், ஜிகினா ஒட்டிய புளியங்கொட்டை. எங்கள் ஊர் என்பதால் ஒரு குட்டி மாங்கனியும் உண்டு.

தோழி தையல் வேலை செய்பவர். நான் பள்ளி ஆசிரியை. மூத்தவரான அவரை நான் அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். மூன்று ஆண்டுகளாக டிசம்பர் இரவுகளில் நாங்கள் சேர்ந்து செய்தது இதைத்தான். யாருக்கும் சமைக்காமல், எதற்கும் பதில் சொல்லாமல் கிடைத்த அந்த இரண்டு மணி நேரம் எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள், ஆண்கள் 97. அப்படியிருக்கும்போது பயனற்ற ஒன்றைச் செய்ய உட்காருவதே ஒரு எதிர்ப்பு என்று நம்பினேன்.

போன வருடம் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அந்த நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, "50 கிடைக்குமா? என்ன விலை?" என்று கேட்டார். "ஐயோ, காசெல்லாம் எதுக்கு? ஆசையா செய்யறதுதானே" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அக்காவிடம் தெரிவித்தபோது, "சரி டீச்சர்" என்றார்.

ஒரு நட்சத்திரத்துக்கு 20 நிமிடம். 50 என்றால் 16 மணி நேரத்துக்கும் மேல். எனக்கு அரையாண்டுத் தேர்வுத் தாள்கள் வந்துவிட்டதால் பெரும்பகுதி அவர் தலையில் விழுந்தது. நான்காம் நாள் போனபோது மெஷின் மீது தைக்காத பாவாடைச் சட்டைத் துணிகள் குவிந்திருந்தன. பண்டிகைக்கு முன் தந்தாக வேண்டியவை. அவர் தலை நிமிராமல் சொன்னார்: "உங்களுக்கு இது பொழுதுபோக்கு டீச்சர். எனக்கு இது சீசன்."

அந்த வார்த்தை என்னை உறுத்தியது. பொழுதைப் போக்க முதலில் பொழுது நம்முடையதாக இருக்க வேண்டும்.

மரியா மீஸ் என்ற ஜெர்மானியப் பெண்ணியலாளர் 1982இல் நரசாப்பூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காரைக்காலைப் போலவே புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஏனாம் இருக்கும் அதே கோதாவரி டெல்டாவில்தான் நரசாப்பூரும் இருக்கிறது. கிறிஸ்தவ மிஷனரிகள் அறிமுகப்படுத்திய அந்தக் கைவேலை வெளிநாட்டு ஏற்றுமதியாக வளர்ந்தது. ஆனால் நாளெல்லாம் பின்னிய பெண்கள் தொழிலாளர்களாகக் கணக்கில் வரவில்லை. அவர்கள் 'வீட்டில் சும்மா இருப்பவர்கள்', ஓய்வு நேரத்தில் பின்னுகிறவர்கள். ஓய்வு என்ற அந்தச் சொல்தான் கூலியைக் குறைத்தது. மர அலங்காரத்துக்கும் இதே கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லவுஷா ஊரில் ஆண்கள் கண்ணாடி ஊதினார்கள்; உள்ளே வெள்ளிப் பூச்சு ஏற்றி வண்ணம் தீட்டியவர்கள் வீட்டிலிருந்த பெண்களும் குழந்தைகளும்.

'ஆசையா செய்யறது' என்ற என் சொல்லும் அந்த வியாபாரிகளின் சொல்லும் ஒன்றுதானே? அவர்கள் லாபத்துக்காகச் சொன்னார்கள், நான் அன்புக்காகச் சொன்னேன் என்று சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால் அக்காவின் இரவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்கள் ஊர்ப் புனிதவதியின் கதையை ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். கணவன் அனுப்பிய இரண்டு கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த அடியாருக்குக் கொடுத்தாள். அவன் இரண்டாவதையும் கேட்டபோது அந்தக் கொடையின் விளைவை அவளேதான் சுமந்தாள். கடைசியில் அவன் விட்டுப் போனதையும் சேர்த்து. நான் கொடுத்தேன், சுமந்தது இன்னொருத்தி. அதற்குக் கொடை என்று பெயரில்லை.

அதற்காக எல்லாவற்றுக்கும் விலை வைத்துவிட வேண்டுமா? அப்படியும் தோன்றவில்லை. கூலியில்லாத உழைப்பை எதிர்க்கிறோம் என்பதற்காக, காசாக மாறாத நேரமெல்லாம் வீண் என்று ஒப்புக்கொண்டால் பெண்களுக்கு எஞ்சுவது இன்னும் கொஞ்சம் வேலைதான். ஒன்றுக்கு விலை உண்டா இல்லையா என்பதைவிட, அதைத் தீர்மானிப்பவர் யார் என்பதே கேள்வி. 'காசு வேண்டாம்' என்று சொல்லும் உரிமை, வேண்டும் என்றும் சொல்ல முடிந்தவருக்கே உண்டு. அக்காவின் "சரி டீச்சர்" என்பதில் அந்த வாய்ப்பு இல்லை. டீச்சர் என்ற விளிப்பிலேயே அது எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

மீதி நட்சத்திரங்களை நான் தைத்தேன், கோணலாக. இந்த வருடம் அதே ஆள் மறுபடி கேட்டார். "அக்காகிட்ட கேளுங்க" என்றேன். அவர் சொன்ன விலையைக் கேட்டு, "இத்தனூண்டு துணிக்கு இவ்வளவா?" என்று 12 மட்டும் வாங்கினார். அக்கா குறைக்கவில்லை.

அன்றிரவு மரத்துக்கான மாங்கனியைத் தைத்தோம். அதற்கு விலை பேசவில்லை. அதையும் அக்காதான் சொன்னார்.