ஊதியம் உயர்கிறது, ஊர் மாறலாமா?

மும்பை செம்பூரில் ஒரு வீட்டை மனத்தில் கொள்வோம். தமிழர்கள் மிகுதியாக வாழும் அப்பகுதியில் இதற்கு ஒப்பான வீடுகள் பல உண்டு. தந்தைக்கு வயது 72. தாய்க்கு மூட்டுவலி, படியேற இயலாது. ஒரே மகன் கணினித் துறையில் பணிபுரிகிறான். மாத ஊதியம் 60,000 ரூபாய். பெங்களூரில் உள்ள ஒரு நிறுவனம் 90,000 ரூபாய் தருவதாக அழைக்கிறது. பதினைந்து நாட்களுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். இரவு உணவுக்குப் பின் மகன் தந்தையிடம் செய்தியைச் சொல்கிறான். தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'நல்லதப்பா' என்று மட்டும் சொல்லி எழுந்து போகிறார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பின்னே நீண்ட கதை ஒன்று உண்டு. அந்தத் தந்தையும் ஒரு காலத்தில் ஊரை விட்டு வந்தவரே. 1975-ல் திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றில் தாயைத் தனியே விட்டுவிட்டு மும்பைக்கு இரயில் ஏறினார். மாதந்தோறும் முதல் வாரத்தில் தாய்க்கு மணியார்டர் அனுப்புவதில் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒருநாள் தந்தி வந்தது. இரண்டு இரவுகள் இரயிலில் கழித்து அவர் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 'போகாதே' என்று மகனிடம் சொல்லும் தகுதி தமக்கு இல்லை என்று அவர் எண்ணுகிறார். மகனோ, அப்பாவுக்குச் சம்மதம் என்று எண்ணிக்கொள்கிறான்.

கூடுதல் ஊதியம் கிடைக்கிறது என்பது மட்டுமே வேறு மாநிலத்திற்குக் குடிபெயரப் போதுமான காரணமாகுமா? இது அந்த ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று. இன்று நம்மில் பலர் வீட்டுக் கூடத்தில் நிற்கும் கேள்வி இது.

பொருளை இகழவில்லை நம் முன்னோர்

ஆன்மிக நாட்டம் உடையவர்கள் இக்கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லிவிடுவது உண்டு. 'பணத்தாசை கூடாது, இருப்பதைக் கொண்டு திருப்தி அடை' என்பார்கள். கேட்க இனிமையான இந்த அறிவுரை இல்லறத்தானுக்கு முழுமையாகப் பொருந்தாது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு புருஷார்த்தங்களில் பொருளுக்கும் ஓர் இடம் தந்தவர்கள் நம் முன்னோர். பொருள் செயல்வகை என்று தனியாக ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். துறவியைக் காப்பதும், விருந்தினரை ஓம்புவதும், வறியவர்க்கு ஈவதும் இல்லறத்தானின் கடமைகள். கையில் பொருள் இல்லாதவன் இவற்றை எப்படிச் செய்வான்?

சங்க இலக்கியத்தில் பாலைத்திணை முழுவதும் ஏறக்குறைய இந்தக் கேள்வியே. பொருள் தேடிச் செல்லப் புறப்படும் தலைவன், தன் நெஞ்சோடு வாதிடுகிறான். போகாவிட்டால் இரப்பவர்க்கு ஈய முடியாது. போனால் அன்புக்குரியவள் வாடுவாள். சில வேளைகளில் அவன் வாசல் வரை வந்து பயணத்தை நிறுத்திவிடுகிறான். அதைச் 'செலவழுங்குதல்' என்று இலக்கண நூலார் பெயரிட்டனர். ஊதியத்திற்காக ஊர் பெயர்வது தமிழர்க்குப் புதிதன்று. பெயர்வதற்கு முன் நெஞ்சோடு வாதிடுவதும் புதிதன்று. இன்று நாம் இழந்திருப்பது அந்த வாதத்தைத்தான்.

ஔவையின் கொன்றைவேந்தனையும் நினைத்துப் பார்க்கலாம். கடல் கடந்தாயினும் செல்வம் ஈட்டச் சொல்வது அந்நூல். அதே நூலின் தொடக்கமோ, தாயையும் தந்தையையும் கண்கண்ட தெய்வமாகக் காட்டுகிறது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட அவர் நமக்கு இடம் தரவில்லை.

மும்பைத் தமிழர் காட்டும் பாடம்

மும்பையில் தமிழர் வாழும் மூன்று பகுதிகளின் வரலாறு இந்த விஷயத்தில் நமக்குத் தெளிவு தரும்.

முதலாவது, தாராவி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து ஏழை மக்கள் அங்கு வந்து சேர்ந்தனர். மாஹிம் கழியை ஒட்டிய சதுப்பு நிலத்தில், தோல் பதனிடும் தொழிலில், துர்நாற்றத்திற்கும் சேற்றுக்கும் நடுவே உழைத்தனர். ஊரில் அவர்களுக்கு இருந்தவை பசியும் சாதிக் கொடுமையும். அவர்கள் கூடுதல் சம்பளத்திற்காக வந்தவர்கள் அல்லர்; மனிதராக வாழ வந்தவர்கள். 'ஊரைப் பிரியலாமா?' என்று அவர்களைக் கேட்கும் தகுதி வயிறு நிறைந்த எவருக்கும் இல்லை.

இரண்டாவது, மாதுங்கா. 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் பின் 1898-ல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை வடக்கே புதிய குடியிருப்புகளை உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான மாதுங்காவில், அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் பணிபுரிய வந்த தென்னிந்தியர் குடியேறினர். அவர்கள் வந்தது ஊதியத்திற்காகவே. ஆயினும் ஊதியத்தோடு நின்றுவிடவில்லை. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிப் பள்ளியும் பின்னர்க் கல்லூரியும் நடத்தினர். 1952-ல் ஷண்முகானந்த சபை தோன்றியது; 1963-ல் அதன் பெரிய அரங்கம் எழுந்தது. 1990-ல் அவ்வரங்கம் தீயில் அழிந்தபோது மனம் தளராமல் மீண்டும் கட்டி 1998-ல் திறந்தனர்.

மூன்றாவது, செம்பூர். 1950-களில் டிராம்பே பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிறுவனமும் வந்தன. அவற்றை நாடிப் படித்த தலைமுறை ஒன்று அப்பகுதியில் குடியேறியது. செட்டா நகரில் முருகன் கோயில் எழுந்தது; அவ்விடம் அவர்களுக்குத் திருச்செம்பூர் ஆயிற்று.

வேற்று மாநில வாழ்வு எப்போதும் இனிதாக இருக்கவில்லை. 'மண்ணின் மைந்தருக்கே வேலை' என்ற குரல் 1960-களில் மும்பையில் எழுந்தபோது, தென்னிந்தியர்கள் அச்சத்தோடு வாழ்ந்த நாட்கள் உண்டு. ஆயினும், எந்த ஊர் தங்களுக்குச் சோறு போட்டதோ அந்த ஊருக்குப் பள்ளியும் கோயிலும் கலையரங்கமும் திருப்பித் தந்தவர்கள் அங்கு அந்நியராக இருந்துவிடவில்லை. பெற்றுக்கொள்வதற்கு மட்டும் ஓர் ஊருக்குச் செல்பவன் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும் அங்கு விருந்தாளியே.

கணக்கில் வராத கணக்கு

செம்பூர் வீட்டுக்குத் திரும்புவோம். மாதம் 30,000 ரூபாய் கூடுதல் என்பது உண்மை. இப்போது அவன் தந்தையின் வீட்டில் இருக்கிறான். பெங்களூரில் வாடகைக்கு 17,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோரைப் பார்க்க வந்து போகும் செலவு மாதத்திற்கு 3,000. அவன் இதுவரை செய்துவந்த வேலைகள், அதாவது மருந்து வாங்குவது, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, வங்கிக்குப் போவது ஆகியவற்றுக்குத் துணையாக ஓர் ஆளை அமர்த்த 7,000. மிஞ்சுவது 3,000 ரூபாய்.

மிஞ்சும் தொகையைவிட நாம் கவனிக்க வேண்டியது அந்த 7,000 ரூபாய். தாயின் கையைப் பிடித்து அழைத்துச் செல்வதற்கு அவன் இதுவரை கூலி வாங்கியதில்லை. இனி அதற்குக் கூலி கொடுக்கப் போகிறான். கூலி கொடுத்து வாங்கக்கூடியது வேலை மட்டுமே. இரவில் இருமல் கேட்டால் எழுந்து வந்து நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதற்குச் சந்தையில் விலை இல்லை.

'பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்லலாமே' என்று கேட்கலாம். சில குடும்பங்களில் அதுவே நல்ல வழி. ஆனால் முதியவர்களுக்கு ஊர் என்பது நான்கு சுவர்கள் அல்ல. காலையில் போகும் கோயில், பெயர் சொல்லி அழைக்கும் காய்கறிக்காரர், மாலையில் உடன் அமரும் நண்பர்கள் ஆகிய எல்லாம் சேர்ந்ததே ஊர். இருபது வயதில் வேர் பிடுங்கி நட்டால் செடி பிழைக்கும். எழுபதில் அதையே மீண்டும் செய்வதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

கௌசிகனின் பிழை

மகாபாரத வனபர்வத்தில் கௌசிகன் என்னும் அந்தண இளைஞன் வருகிறான். வேதம் கற்கப் பேரார்வம் கொண்டு, முதிய பெற்றோரை விட்டு வெளியேறி, தவம் செய்து ஆற்றலும் பெறுகிறான். பின்னர் மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவியாதரைச் சந்திக்கிறான். தம் தாய் தந்தையரைத் தெய்வமாகப் போற்றிப் பணிவிடை செய்துவந்த அந்த எளிய மனிதர் அவனுக்குத் தர்மத்தின் நுட்பங்களை உரைக்கிறார். இறுதியில், 'பெற்றோரின் அனுமதியின்றி நீ வெளியேறினாய். உன் பிரிவுத் துயரால் அவர்கள் பார்வையிழந்து வாடுகிறார்கள். திரும்பிச் செல்' என்கிறார். கௌசிகன் திரும்பிச் செல்கிறான்.

கௌசிகன் நாடியது பணம் அன்று, வேதம். அத்தனை உயர்ந்த நோக்கம்கூடப் பெற்றோரைக் கைவிட்டதற்கு நியாயம் ஆகவில்லை என்றால், வெறும் ஊதிய உயர்வு எப்படி நியாயமாகும்? அதே வேளையில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தர்மவியாதர் வேதம் கற்றதைக் குறை கூறவில்லை. பெற்றோரைக் கேளாமல் வெளியேறியதையே குறை கூறினார். பயணத்தில் பிழை இல்லை. யாருடைய கண்ணீரின் மீது நடந்து போகிறோம் என்று பாராமல் போவதே பிழை.

நெஞ்சோடு ஒரு வாதம்

ஆகவே, 'எவ்வளவு தருகிறார்கள்?' என்ற கேள்வியோடு வேறு சிலவற்றையும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தக் கூடுதல் பொருள் எதற்காக? கடன் தீர்க்கவா, தங்கையின் படிப்புக்கா, மருத்துவச் செலவுக்கா? அல்லது, நண்பனின் சம்பளத்தோடு ஒப்பிட்டு எழுந்த தாழ்வுணர்ச்சியைப் போக்கவா? தேவைக்கு ஓர் எல்லை உண்டு. ஒப்பீட்டுக்கு எல்லை இல்லை. 90,000 ரூபாய் வந்த அன்றே 1,20,000 வாங்குபவன் கண்ணில் படுவான்.

இதன் விலையைத் தருபவர் யார்? ஊதியம் நம் கணக்கில் வரவாகி, தனிமை மற்றவர் கணக்கில் செலவாகுமானால், அந்த லாபம் நேர்மையானதன்று. அவர்களின் சம்மதம் உண்மையானதா? கேட்காமல் பெற்ற சம்மதமும், அன்பினால் மறைக்கப்பட்ட மறுப்பும் சம்மதம் ஆகா. போகும் ஊருக்கு நாம் எதைக் கொண்டு செல்கிறோம்? நம் ஒழுக்கத்தையும் உழைப்பையும் பகிர்ந்துண்ணும் பண்பையும் கொண்டு சென்றால் எந்த மாநிலமும் நம் மாநிலமே.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. பிள்ளையை அன்பு என்னும் கயிற்றால் கட்டிவைப்பது தர்மம் அன்று. தம் மௌனத்தைப் பிள்ளை தானே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. உள்ளதைச் சொல்லிவிட்டு, முடிவை அவனிடம் விட வேண்டும்.

இந்த வாதத்திற்குப் பின் ஒருவன் புறப்பட்டால், அவன் தன் கடமையைச் சுமந்துகொண்டே போகிறான். தங்கிவிட்டால், இழந்த ஊதியத்தை எண்ணி வாழ்நாள் முழுவதும் ஏங்க மாட்டான். அவன் தேர்ந்தது எது என்பது அவனுக்குத் தெரியும். வாதமே இன்றிப் போகிறவனும் தங்குகிறவனும்தான் பின்னாளில் வருந்துகிறார்கள்.

அந்த மகனுக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. அவன் பெங்களூருக்கு எழுதும் பதிலைவிட முதன்மையான செயல் ஒன்று உண்டு. இன்றிரவு தந்தையின் அருகில் அமர்ந்து, 'அன்று பாட்டியை விட்டு வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது, அப்பா?' என்று அவன் கேட்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியை அவரிடம் எவரும் கேட்டதில்லை. அவர் சொல்லப்போகும் பதிலில் அவன் தேடும் முடிவும் இருக்கும்.